பிரிட்ஜில் தடுப்பாட்டம்: காணாத கைகளைக் கணக்கிடுவது எப்படி?

2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் இணைப் பிரிவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் தங்கம் வென்றார்கள். ஹாங்சோ போட்டியில், 2023-இல், இந்திய ஆடவர் அணி வெள்ளி வென்றது. சீட்டாட்டத்துக்குப் பதக்கமா என்று பலர் வியந்தாலும், சீட்டை நன்றாகவே அறிந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுகிற கேள்வி வேறு. கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் 'இருபத்தெட்டு' என்னும் சீட்டாட்டத்தை ஆடிப் பழகியவர்களுக்குத் துருப்பு, ஏலம், எதிரெதிரே அமரும் கூட்டாளி ஆகிய எதுவும் புதிதல்ல. அப்படிப்பட்டவர்கள் கைப்பேசிச் செயலிகளில் பிரிட்ஜ் கற்கத் தொடங்கும்போது ஏலம் சில வாரங்களில் பிடிபட்டுவிடுகிறது; காண்ட்ராக்ட் எடுத்து, அதாவது இத்தனை சுற்றுகளை வெல்வோம் என்று ஏலத்தில் வாக்களித்து, ஆடுவதும் கைவருகிறது; எதிரணியின் காண்ட்ராக்டை உடைக்க ஆடும் தடுப்பாட்டம் மட்டும் எளிதில் வசப்படுவதில்லை. அதன் காரணத்தையும் அதைச் சீர்படுத்தும் வழியையும் அடிப்படையிலிருந்து இக்கட்டுரை விளக்குகிறது.

ஆட்டத்தின் அமைப்பு

52 சீட்டுகளும் நான்கு பேருக்கும் ஆளுக்கு 13-ஆகப் பங்கிடப்படுகின்றன. வடக்கும் தெற்கும் ஓர் அணி. கிழக்கும் மேற்கும் மற்றோர் அணி. ஆளுக்கொரு சீட்டாக நான்கு சீட்டுகள் விழும் ஒரு சுற்று 'ட்ரிக்' எனப்படும். ஆக மொத்தம் 13 ட்ரிக்குகள். ஏலத்தின் முடிவில் ஓர் அணி, எந்த இனத்தைத் துருப்பாக வைத்து, அல்லது துருப்பே இல்லாமல், எத்தனை ட்ரிக் எடுப்போம் என்று வாக்களிக்கிறது. அந்த வாக்கே காண்ட்ராக்ட். ஏலத்தில் சொல்லும் எண்ணோடு 6-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால், 'மூன்று நோட்ரம்ப்' என்றால் துருப்பில்லாமல் 9 ட்ரிக்.

காண்ட்ராக்டை ஆடுபவர் டிக்ளேரர். அவருக்கு இடப்பக்கம் இருக்கும் தடுப்பவர் முதல் சீட்டை இறக்கியதும், டிக்ளேரரின் கூட்டாளி தம் 13 சீட்டுகளையும் மேசைமேல் விரித்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். விரித்த அந்தக் கைக்கு டம்மி என்று பெயர். இருபத்தெட்டில் இல்லாததும் பிரிட்ஜின் குணத்தையே தீர்மானிப்பதும் இந்த டம்மிதான்.

நீண்ட காலக் கணக்கில் ஓர் ஆட்டக்காரர் நான்கில் ஒரு பங்கு ஆட்டங்களில் டிக்ளேரராகவும், நான்கில் ஒரு பங்கில் டம்மியாகவும், மீதிப் பாதியில் தடுப்பவராகவும் இருப்பார். ஆட்டத்தில் நாம் சீட்டைத் தொடும் நேரத்தின் பெரும்பகுதி தடுப்பாட்டத்திலேயே கழிகிறது. இருந்தும் கற்பவர்கள் தங்கள் உழைப்பில் பெரும்பங்கை ஏலத்துக்கே செலவிடுகிறார்கள்.

போட்டிகளில் ஒரே பங்கீட்டுச் சீட்டுகள் எல்லா மேசைகளிலும் ஆடப்படும் 'டூப்ளிகேட்' முறை இருப்பதால், நல்ல சீட்டு வந்தது, வரவில்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அதே சீட்டுகளை வைத்து மற்ற மேசைகளில் என்ன செய்தார்கள் என்பதோடுதான் ஒப்பீடு. 'வல்னரபிள்' (பரிசும் தண்டமும் கூடும் நிலை) அல்லாதபோது மூன்று நோட்ரம்ப் நிறைவேறினால் டிக்ளேரர் அணிக்கு 400 புள்ளி. ஒரு ட்ரிக் குறைந்தால் தடுப்பணிக்கு 50. ஒரே ஒரு ட்ரிக்கில் 450 புள்ளி வித்தியாசம்.

தடுப்பவரின் குறை எங்கே இருக்கிறது?

டம்மி விரிந்தபின் டிக்ளேரர் தம் கையின் 13 சீட்டுகளையும் டம்மியின் 13 சீட்டுகளையும் பார்க்கிறார். தடுப்பவரும் தம் கையையும் டம்மியையும் சேர்த்து 26 சீட்டுகளையே பார்க்கிறார். எண்ணிக்கையில் இருவரும் சமம். ஆனால் டிக்ளேரர் பார்ப்பது தம் அணியின் முழுப் படை. தடுப்பவர் பார்ப்பதோ தம் அணியில் பாதியும் எதிரணியில் பாதியும். தம் அணியின் மறுபாதி, டிக்ளேரரின் கைச்சீட்டுகளோடு கலந்து, கண்ணுக்குத் தெரியாத 26 சீட்டுகளுக்குள் கிடக்கிறது. அந்த 26-இல் எந்த 13 கூட்டாளியுடையவை என்று பிரித்தறிவதே தடுப்பாட்டத்தின் முழு வேலை.

இதற்குக் கிடைக்கும் தடயங்கள் மூன்று: ஏலத்தில் ஒவ்வொருவரும் சொன்னதும் சொல்லாமல் விட்டதும், விழுந்த சீட்டுகள், கூட்டாளி தம் சீட்டின் வழியாக அனுப்பும் செய்தி. ஏலத்தில் டிக்ளேரர் தம் கையைப் பற்றி நிறையவே வெளிப்படுத்திவிட்டிருப்பார். அது தடுப்பவருக்குள்ள பெரிய சாதகம். ஆனால் ஏலம் முடிந்த கணமே அதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

இருபத்தெட்டிலிருந்து வரும் பழக்கங்கள்

இருபத்தெட்டு நல்ல பயிற்சிக்களம். அதை ஆடியவர்களுக்கு விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கும் திறன் முன்னரே இருக்கும். என்றாலும் அங்கு சரியாக இருந்து இங்கு இடறவைக்கும் பழக்கங்கள் உண்டு.

1. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று எனச் சீட்டுக்குப் புள்ளி உண்டு. கூட்டாளி பிடிக்கும் சுற்றில் புள்ளிச் சீட்டைப் போட்டுக் கொடுப்பது அங்கே கடமை. பிரிட்ஜில் ட்ரிக்கின் எண்ணிக்கை மட்டுமே கணக்கு. கூட்டாளியின் ராஜா வெல்லும் சுற்றில் நம் ராணியைப் போடுவது, நாளை ஒரு ட்ரிக் எடுக்கக்கூடிய சீட்டை வீணாக்குவது.

2. அங்கே 32 சீட்டு, இனத்துக்கு 8. ஒரு சுற்று இரு சுற்றுகளிலேயே இனம் தீர்ந்துபோவதால் பெரிய சீட்டை உடனே ஆடிவிடும் அவசரம் இயல்பு. இங்கே இனத்துக்கு 13 சீட்டுகள். பெரிய சீட்டைப் பிடித்துவைத்து, அது எதிரியின் பெரிய சீட்டைத் தின்னும் வேளைக்காகக் காத்திருப்பதற்கு இடமுண்டு.

3. அங்கே சிறு சீட்டுக்கு மதிப்பில்லை. இங்கே இரண்டும் மூன்றும்கூடப் பேசும்.

மூன்றாவதே முக்கியமானது. அதைப் பார்ப்பதற்கு முன் முதல் சீட்டிலிருந்து தொடங்குவோம்.

முதல் சீட்டும் 11-இன் விதியும்

முதல் சீட்டை இறக்குபவர் டம்மியைப் பார்க்காமலே ஆட வேண்டியிருப்பதால், அதற்கென்று நெடுங்கால வழக்கங்கள் உருவாகியுள்ளன. நோட்ரம்பில், கையிலுள்ள மிக நீளமான இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டை இறக்குவது அவற்றில் ஒன்று. ராஜா, ராணி, ஜாக்கி என்று தொடர்ச்சி இருந்தால் அதில் உச்சியிலுள்ளதை இறக்குவது மற்றொன்று.

நான்காவது சீட்டு வழக்கத்திலிருந்து ஓர் அழகான கணக்கு பிறக்கிறது. ஜாக்கிக்கு 11, ராணிக்கு 12, ராஜாவுக்கு 13, ஏஸுக்கு 14 என்று எண் வைத்துக்கொண்டால், எந்தச் சீட்டுக்கும் மேலே இருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை 14-இலிருந்து அதன் எண்ணைக் கழித்தால் கிடைக்கும். இறக்கியவர் தம் நான்காவது சீட்டை இறக்கியிருப்பதால் அதற்கு மேற்பட்ட மூன்று சீட்டுகள் அவர் கையிலேயே உள்ளன. அந்த மூன்றையும் கழித்தால், 11-இலிருந்து சீட்டின் எண்ணைக் கழித்த தொகையே மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து இருக்கும் பெரிய சீட்டுகளின் எண்ணிக்கை. இதுவே 11-இன் விதி.

ஓர் ஆட்டத்தை அருகிருந்து பார்க்கலாம். தெற்கு 15 முதல் 17 வரை புள்ளிகள் (பெரிய சீட்டுகளுக்கு எண்ணும் மதிப்பு; அந்தக் கணக்கைப் பின்னர் பார்ப்போம்) உள்ளதாக ஒரு நோட்ரம்ப் கேட்கிறார். வடக்கு மூன்று நோட்ரம்புக்கு உயர்த்துகிறார். மேற்கு 'ஆட்டின்' (ஹார்ட்) இனத்தின் 6-ஐ இறக்குகிறார். டம்மி விரிகிறது:

ஸ்பேடு: ராணி, 8, 3
ஆட்டின்: ராணி, 9, 3
டைமன்: ராஜா, ஜாக்கி, 9, 5
கிளாவர்: ஏஸ், 6, 2

கிழக்கில் இருக்கும் நம்மிடம் ஆட்டினில் ஏஸ், 10, 8. டம்மியிலிருந்து 3 விழுகிறது. நாம் எதைப் போடுவது?

'மூன்றாவது ஆள் உயரப் போடு' என்பது பிரிட்ஜ் கற்கும் எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் வாசகம். அதன்படி ஏஸ்தான் கைக்கு வரும். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 11-இலிருந்து 6 போக 5. ஆறுக்கு மேற்பட்ட ஐந்து சீட்டுகள் மேற்கைத் தவிர்த்த மூன்று கைகளில் இருக்க வேண்டும். டம்மியில் ராணியும் 9-உம் ஆக இரண்டு. நம்மிடம் ஏஸ், 10, 8 ஆக மூன்று. ஐந்தும் இங்கேயே முடிந்துவிட்டன. டிக்ளேரரிடம் ஆறுக்கு மேல் ஒரே ஒரு ஆட்டின்கூட இல்லை. கண்ணில் படாத ராஜா, ஜாக்கி, 7 மூன்றும் கூட்டாளியின் கையில் இருந்தே ஆக வேண்டும். ஒரே ஒரு சீட்டு விழுந்ததும் கூட்டாளியின் ஆட்டின் இனம் ஏறத்தாழ முழுதாகத் தெரிந்துவிடுகிறது.

எனவே 8 போதும், அது வெல்லும். அடுத்து ஏஸை ஆடுகிறோம். மேற்கு 2 போடுகிறார், டம்மியில் 9 விழுந்து ராணி தனித்து நிற்கிறது. மூன்றாவதாக 10-ஐ ஆடும்போது டிக்ளேரரிடம் ஆட்டினே இல்லை. மேற்கு தம் ராஜாவால் நம் 10-ஐ மூடிப் பிடிக்கிறார்; டம்மியின் ராணி அதன்கீழ் விழுகிறது. மீதமுள்ள ஜாக்கியும் 7-உம் தடையின்றி வெல்லும். ஐந்து ட்ரிக், காண்ட்ராக்ட் உடைந்துவிட்டது.

முதல் சுற்றில் ஏஸைப் போட்டிருந்தால்? டம்மியில் ராணி, 9 மிஞ்சும். அடுத்து நாம் 10-ஐ ஆடினால் டம்மி மேற்குக்குப் பின்னால், கடைசியாக ஆடும் இடத்தில் இருக்கிறது. மேற்கு சிறியதைப் போட்டால் ராணி வெல்லும். மேற்கு ராஜாவைப் போட்டால் டம்மி 9-ஐ விட்டுக்கொடுத்து ராணியை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளும். எப்படியும் டிக்ளேரருக்கு ஆட்டினில் ஒரு ட்ரிக் கிடைத்து, ஆட்டம் அவர் கைக்குப் போகிறது. இந்த ஆட்டத்தில் தெற்கின் கை ஸ்பேடு ஏஸ், ராஜா, 5. ஆட்டின் 5, 4. டைமன் ஏஸ், ராணி, 7, 4. கிளாவர் ராஜா, ஜாக்கி, 9, 3. ஸ்பேடில் 3, டைமனில் 4, கிளாவரில் 2 என ஒன்பது ட்ரிக்குகள் அவருக்குத் தயாராக இருக்கின்றன. ஏஸைப் போட்ட கணமே அவர் தப்பிவிடுகிறார்.

'இரண்டாவது ஆள் தாழப் போடு', 'படத்தின் மேல் படத்தைப் போடு' ஆகிய மற்ற வாசகங்களின் நிலையும் இதுவே. வேறு தகவல் எதுவும் இல்லாதபோது அவை பெரும்பாலும் சரியான வழியைக் காட்டும்; தகவல் இருக்கும்போது தகவலே முந்த வேண்டும். வாசகங்களை மனப்பாடமாகக் கற்பித்துவிட்டு அவற்றின் காரணத்தைச் சொல்லாமல் விடுவது, கற்பவரின் வளர்ச்சியைத் தொடக்கத்திலேயே கட்டிப்போடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

சிறு சீட்டுகள் சொல்லும் செய்தி

ஒரு சுற்றில் வெல்ல வாய்ப்பில்லாதபோது எந்தச் சிறு சீட்டைப் போடுகிறோம் என்பது நம் விருப்பம். அந்த விருப்பத்தைச் செய்தியாக மாற்றுவதே 'சிக்னல்'. வழக்கமான முறையில் மூன்று வகை உண்டு.

1. விருப்பச் செய்தி: கூட்டாளி ஆடும் இனத்தில் பெரிய எண்ணைப் போட்டால் 'இதையே தொடருங்கள்' என்று பொருள், சிறிய எண்ணைப் போட்டால் 'எனக்கு இதில் ஒன்றுமில்லை'. கூட்டாளி டைமன் ஏஸை இறக்க, நம்மிடம் ராணி, 9, 2 இருந்தால் 9; 8, 5, 2 இருந்தால் 2.

2. எண்ணிக்கைச் செய்தி: டிக்ளேரர் ஒரு இனத்தை ஆடும்போது முதலில் பெரியதும் பிறகு சிறியதும் போட்டால் அந்த இனத்தில் இரட்டைப்படை, முதலில் சிறியது போட்டால் ஒற்றைப்படை.

3. இனத் தேர்வுச் செய்தி: கூட்டாளி துருப்பால் வெட்டட்டும் என்று ஓர் இனத்தை ஆடும்போது, பெரிய எண்ணை ஆடினால் மற்ற இரு இனங்களில் ஏல வரிசைப்படி உயர்ந்ததையும், சிறிய எண்ணை ஆடினால் தாழ்ந்ததையும் திருப்பி ஆடச் சொல்கிறோம்.

எண்ணிக்கைச் செய்தி சலிப்பூட்டும் புள்ளிவிவரமாகத் தோன்றலாம். அது ஓர் ஆட்டத்தையே காப்பாற்றும் இடத்தைப் பாருங்கள். நோட்ரம்பில் டம்மியின் கிளாவர் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 5. டம்மியில் வேறு எந்த இனத்திலும் வெல்லும் சீட்டு இல்லை. நம்மிடம் ஏஸ், 8, 2. டிக்ளேரர் கிளாவரை ஆடத் தொடங்குகிறார். ஏஸை முதல் சுற்றிலேயே எடுத்தால், அவர் கையில் மிஞ்சும் கிளாவரால் டம்மிக்குள் நுழைந்து மற்ற நான்கையும் எடுத்துக்கொள்வார். அவர் கையில் கிளாவர் தீரும் சுற்றில் சரியாக ஏஸை எடுத்தால் டம்மி செத்த கையாகிவிடும். அளவுக்கு மீறிக் காத்திருந்தாலோ ஒவ்வொரு சுற்றும் ஒரு ட்ரிக் தானம்.

மிச்சமுள்ள கிளாவர் 9, 7, 6, 4, 3 ஆகிய ஐந்து. கூட்டாளி 3 போட்டால் ஒற்றைப்படை: அவரிடம் மூன்று, டிக்ளேரரிடம் இரண்டு, இரண்டாவது சுற்றில் எடுக்க வேண்டும். கூட்டாளி 9 போட்டால் இரட்டைப்படை: அவரிடம் இரண்டு, டிக்ளேரரிடம் மூன்று, மூன்றாவது சுற்று வரை பொறுக்க வேண்டும். கூட்டாளியின் 3 ஒற்றைச் சீட்டாகவும் இருக்கலாமே என்றால், அப்போது டிக்ளேரரிடம் நான்கு இருக்கும்; நம் மூன்று சீட்டுகளால் அவரை எப்படியும் துண்டிக்க முடியாது, ஆகவே அந்த நிலைக்காகக் கவலைப்படத் தேவையில்லை. எந்த நிலையில் நம் முடிவு பலன்தருமோ அந்த நிலையை எண்ணியே ஆடுவது தடுப்பாட்டத்தின் முக்கியமான சிந்தனை முறை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீட்டு முற்றத்து ஆட்டங்களில் கண்ணைக் காட்டுவதும் தொண்டையைக் கனைப்பதும் கள்ளத்தனம் என்று எல்லோருக்கும் தெரியும். பிரிட்ஜின் சிக்னல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது ஆடும் சீட்டின் வழியாக மட்டுமே நடக்க வேண்டும். அதன் பொருளை எதிரணி கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சீட்டைப் போடும் வேகம், தயக்கம், முகக்குறிப்பு இவற்றிலிருந்து கூட்டாளி தகவல் எடுத்துக்கொள்வது விதிமீறல். உயர்நிலைப் போட்டிகளில் கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி மேசையின் குறுக்கே திரையே வைக்கிறார்கள்.

13-உம் 40-உம்

ஒவ்வொரு கையும் 13 சீட்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் முழுக்கட்டிலும் 40 புள்ளி. இந்த இரண்டு எண்களும் மாறுவதே இல்லை என்பதால், தெரிந்ததைக் கழித்துத் தெரியாததைக் கண்டுவிடலாம்.

மேலே கண்ட ஆட்டத்தில் டம்மிக்கு 12 புள்ளி. கிழக்கிடம் ஆட்டின் ஏஸோடு ஸ்பேடு ஜாக்கியும் சேர்ந்து 5. மீதி 23. டிக்ளேரருக்கு 15 முதல் 17 வரை போனால் கூட்டாளிக்கு 6 முதல் 8 வரை. அவரிடம் ஆட்டினில் 4 புள்ளி இருப்பது தெரிந்துவிட்டதால், மற்ற எல்லா இனங்களிலும் சேர்த்து அவரிடம் 2 முதல் 4 புள்ளியே இருக்க முடியும். கூட்டாளியிடம் இல்லாத ஏஸையும் ராஜாவையும் நம்பி ஆடும் தவறு இந்தக் கழித்தலால் பெருமளவு நின்றுவிடும்.

சீட்டுகளின் பரவலுக்கும் இதே வழி. டிக்ளேரர் ஸ்பேடில் ஐந்தும் ஆட்டினில் நான்கும் இருப்பதாக ஏலத்தில் காட்டி, நான்கு ஸ்பேடு காண்ட்ராக்டை ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது போக மீதி நான்கு. டைமனில் மூன்று சுற்றுக்கும் அவர் சீட்டுப் போட்டுவிட்டார். கிளாவரில் அவருக்கு ஒன்றே ஒன்று. டம்மியில் கிளாவர் ராஜாவும் ராணியும் இருக்க, அவர் தம் ஒற்றைக் கிளாவரை ஆடுகிறார், நம்மிடம் ஏஸ், காண்ட்ராக்டை உடைக்க இன்னும் ஒரு ட்ரிக்தான் தேவை. 'இரண்டாவது ஆள் தாழப் போடு' என்று இங்கே காத்திருந்தால் அந்த ஏஸ் இனி வெல்லாது, ஏனெனில் அடுத்த கிளாவரை அவர் துருப்பால் வெட்டிவிடுவார். எண்ணியவர் ஏஸைப் போடுகிறார்.

52 சீட்டையும் மனத்தில் வைப்பது இயலாத காரியம் என்று அஞ்ச வேண்டியதில்லை. டிக்ளேரரின் கையை மட்டும் 5-4-3-1, 4-4-3-2 போன்ற நான்கு எண்களின் வடிவமாகப் பிடித்துக்கொண்டால் போதும். நான்கும் கூடி 13 ஆக வேண்டும் என்ற கட்டாயமே நினைவுக்குத் துணைநிற்கும்.

பாய்வதா, பொறுப்பதா?

டம்மியில் ஒரு நீண்ட வலுவான பக்க இனம் இருந்தால், டிக்ளேரர் தம் தோல்விச் சீட்டுகளை அதில் கழித்துவிடுவார். ஆகவே நம் ட்ரிக்குகளை விரைந்து எடுக்க வேண்டும். டம்மி சமச்சீராக, நீண்ட இனம் ஏதுமின்றி இருந்தால் அவசரம் வேண்டாம். புதிய இனத்தைத் திறந்து டிக்ளேரருக்கு உதவாமல், பாதுகாப்பான சீட்டை ஆடி, அவரே உழைத்து எடுக்கட்டும் என்று விடலாம். டம்மி விரிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

பயிற்சி

இருபத்தெட்டுக்கு நால்வர் கூடும் எந்தப் படிப்பகத் திண்ணையிலும் இதற்கும் இடமுண்டு. ஒரு கட்டுச் சீட்டைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. நான் பரிந்துரைக்கும் வரிசை இது:

1. முதல் சில வாரங்களுக்கு டம்மி விரிந்ததும் உடனே ஆடாமல், ஏலத்தை மனத்துக்குள் திரும்பச் சொல்லி, 40 புள்ளிக் கணக்கைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் இதே இடைவெளி எடுத்துக்கொண்டால், உங்கள் யோசனை நேரமே கூட்டாளிக்குத் தவறான தகவலாகிவிடும் ஆபத்தும் குறையும்.

2. அது பழகியபின் துருப்பின் எண்ணிக்கையை மட்டும் பின்தொடருங்கள். அடுத்து டிக்ளேரரின் முழு வடிவத்தை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எதுவும் நிலைக்காது.

3. கூட்டாளியோடு அமர்ந்து சிக்னல் முறையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில அணிகள் சிறிய எண்ணையே விருப்பச் செய்தியாகக் கொள்கின்றன. எந்த முறை என்பதைவிட இருவரும் ஒரே முறையில் இருப்பது முக்கியம்.

4. ஆட்டம் முடிந்ததும் நான்கு கைகளையும் விரித்துப் பாருங்கள். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் போன்ற தளங்களில் ஆடி முடித்த கைகளைத் திரும்பப் பார்க்கலாம். எந்தச் சீட்டில் ட்ரிக் போனது என்று கணினி காட்டியும் கொடுக்கும். ஆனால் கணினி நான்கு கைகளையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறது. மேசையில் அந்தத் தகவல் உங்களுக்குக் கிடைத்திருந்ததா, ஏலத்திலோ கூட்டாளியின் சீட்டிலோ அதற்கான தடயம் இருந்ததா என்பதையே தேட வேண்டும். தடயம் இருந்தும் கவனிக்கத் தவறிய சுற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தடயமே இல்லாமல் போன ட்ரிக்குக்காகக் கூட்டாளியைக் கடிந்துகொள்ள வேண்டாம்.